உலக வறுமையைப் பற்றி ஊரில் பேசப் போகிறவர்கள் விடும் பிழைகள்

வைகாசியில் எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்தால், கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊர் வேறொரு ஊராகிவிடும். மழை வேண்டியும், அம்மாள் வருத்தம் ஊருக்குள் வராமல் இருக்கவும் வைக்கிற நேர்த்தி அது. அம்மம்மா காலத்தில் அந்த வருத்தத்தின் ஆகக் கொடிய முகம் பெரியம்மை. இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977 இல் சோமாலியாவில் ஒருவருக்கு வந்தது. 1980 இல் அந்த நோய் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. "உலகத்தில் வறுமையையும் நோயையும் ஒழிக்கிறதா? நடக்கிற காரியமா?" என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

சில வருடங்களாக மட்டக்களப்பு வாவியின் இரண்டு பக்கமான படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் சின்னச் சின்னக் குழுக்களோடு இந்த வேலையில் இருக்கிறேன். காசு சேர்ப்பதும் பொதி கொடுப்பதும் எங்கள் வேலை இல்லை. காசநோய், மலேரியா, தடுப்பூசி, பசி என்று எதுவானாலும் அதற்கு முடிவெடுக்கும் கதிரையில் ஒருவர் இருப்பார். அவரைச் சரியான முடிவை எடுக்க வைப்பதும், அதற்காக ஊர்ச்சனத்தின் குரலைத் திரட்டுவதும்தான் வேலை. புதிதாக வந்து சேரும் தம்பி தங்கைமார் பெரும்பாலும் ஒரே பிழைகளைத்தான் விடுகிறார்கள். நாங்களும் விட்டவைதான் அவை.

பரிதாபப் படம்

முதல் வருடம் நாங்கள் அடித்த பதாகையில் ஓர் ஆபிரிக்கக் குழந்தையின் படம். எலும்பு தெரியும் நெஞ்சு, கண்ணோரத்தில் ஈ. இணையத்தில் எடுத்தது. அந்தப் பிள்ளையின் பெயரோ நாடோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கல்லடிப் பக்கத்தில் மாதர் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது வயதான அம்மா ஒருவர் வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "இப்பிடித்தான் மனே எங்களையும் படம் புடிச்சாங்க. மறுகா ஒருத்தரையும் காணல்ல."

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் இருந்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். உலர் உணவுப் பொதியின் ஒரு பக்கத்தில் வாங்குபவரின் கை, மறுபக்கத்தில் கொடுப்பவரின் கை, பின்னால் நிறுவனத்தின் பெயர் எழுதிய துணி. கமரா மின்னும்வரை கொடுப்பவர் பொதியை விடமாட்டார். வாங்குபவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பொதியையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் படங்கள் எந்தெந்த நாட்டு அறிக்கைகளில் போனதோ தெரியாது. எங்களுக்கு நடந்ததையே நாங்கள் இன்னொரு நாட்டுப் பிள்ளைக்குச் செய்துகொண்டிருந்தோம்.

அன்றைக்கே அந்தப் பதாகையைக் கழற்றினோம். உங்கள் அம்மாவையோ தங்கையையோ அந்த நிலையில் படம் பிடித்து ஊரில் தொங்கவிட நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள் என்றால், யாருடைய பிள்ளையையும் அப்படித் தொங்கவிடாதீர்கள். பரிதாபத்தில் வரும் சனம் ஒரு தரம் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். இப்போது எங்கள் பதாகையில் ஒரு நுளம்பு வலையும் ஒரு கேள்வியும் மட்டும்தான் இருக்கின்றன.

"நமக்கே வழியில்லை, ஆபிரிக்காவுக்கு என்னத்துக்கு?"

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். வந்தவுடன் கேட்டவரைக் குற்றவாளியாக்கி, "உங்களுக்கு மனிதாபிமானம் இல்லையா?" என்று பேசுவது பெரிய பிழை. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கும் வீட்டுப் பெண் ஒருவர் அப்படிக் கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அவருக்குப் பதில் வேண்டும்.

நான் சொல்லும் பதில் எங்கள் நாட்டு மலேரியாவின் கதை. 1963 ஆம் ஆண்டு முழுவதற்கும் இலங்கையில் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர்தான். முடிந்துவிட்டது என்று நினைத்து மருந்து தெளிப்பதும் தேடிப் பார்ப்பதும் தளர்ந்தன. 1969 இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல். மறுபடி அடக்கி முடிக்க நாற்பது வருடங்களுக்கு மேல் ஆனது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் கண்டுபிடிக்கப்பட்டது 2012 ஒக்டோபரில். மலேரியா அற்ற நாடு என்ற சான்று 2016 செப்டெம்பரில் கிடைத்தது. அந்தக் கடைசிக் காலத்தில் வடக்கு கிழக்கில் கொடுத்த நுளம்பு வலைகளுக்கு, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராக 2002 இல் தொடங்கிய உலக நிதியமும் காசு போட்டது. நாங்கள் ஒருநாளும் காணாத ஊர்களில் யாரோ வரி கட்டினார்கள், யாரோ தங்கள் அரசை நெருக்கினார்கள். அதனால் வந்த காசு அது. சரி, வருத்தம் போய்விட்டதே என்று இருக்கலாமா? மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இன்னும் எங்கள் வாய்க்கால்களில்தான் இருக்கிறது. கிருமி மட்டும்தான் இல்லை. நோய் உள்ள நாட்டுக்குப் போய் வருகிற ஒருவரின் இரத்தத்தில் அது எப்போதும் திரும்பி வரலாம். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். கேட்டவர் தானாகவே அடுத்த கேள்விக்கு வருவார்.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கூட்டத்தில் ஒரு எண் போதும், அதுவும் ஊரில் கால் ஊன்றிய எண்ணாக இருக்க வேண்டும். 2023 இல் உலகில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 597,000 பேர். 2012 கணக்கெடுப்பின்போது மட்டக்களப்பு மாவட்டம் முழுவதிலும் இருந்த சனத்தை விட அது கூட. கதிரவெளி தொடக்கம் பெரியகல்லாறு வரை ஒரு வீட்டிலும் ஒருவரும் இல்லை என்று நினைத்துப் பாருங்கள் என்று சொன்னால் மண்டபம் அமைதியாகிவிடும். அதற்கு மேல் இன்னொரு எண்ணைப் போட்டால் முதல் எண்ணும் மறந்துபோகும்.

ஒன்றுமே கேட்காத கடிதம்

எனக்கு ஆகக் கவலை தரும் பிழை இதுதான். உழைப்பெல்லாம் சரியாக நடந்து கடைசியில் இந்த இடத்தில் வீணாகிறது. ஒரு குழு வெயிலில் வீடு வீடாக நடந்து முந்நூறு கையெழுத்து வாங்கியது. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "உலகில் வறுமையையும் பிணியையும் ஒழிக்க ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." இதற்கு எந்தப் பாராளுமன்ற உறுப்பினராலும் "கட்டாயம்" என்று சொல்ல முடியும். சொன்ன பிறகு அவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பிள்ளைகள் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

கடிதத்தில் ஒரு ஆளிடம், அவர் கையில் இருக்கும் ஒரு காரியத்தை, ஒரு நாளுக்குள் கேட்க வேண்டும். உதாரணமாக இப்படி எழுதலாம்: "ஐயா, ஒவ்வொரு வருடமும் மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார சபை கூடுகிறது, இலங்கையும் போகிறது. இம்முறை காசநோய் பற்றி இலங்கையின் நிலைப்பாடு என்ன என்று சுகாதார அமைச்சரிடம் வாய்மூல விடைக்கான வினா ஒன்றை ஏப்ரல் முடிவதற்குள் எழுப்புவீர்களா?" இதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். இல்லை என்றாலும் நல்லது, அடுத்து யாரிடம் போவது என்று தெரிந்துவிடும். வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சுக்கென்று ஒரு நாள் இருக்கும். அந்த நாளைக் குறி வைத்தும் கேட்கலாம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தட்டச்சு செய்த முந்நூறு நகலை விட, கையால் எழுதிய பத்துக் கடிதத்துக்குப் பலம் கூட. மட்டக்களப்பில் ஐந்து உறுப்பினர்கள், அம்பாறை அடங்கும் திகாமடுல்ல தேர்தல் மாவட்டத்தில் ஏழு பேர். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள். அம்பாறைப் பக்கம் எழுதும்போது சிங்களத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

இன்னொரு வாசல் எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. லண்டனில் சித்தப்பா, கனடாவில் மச்சாள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது 1970 இல். பிரித்தானியா 0.5 இலிருந்து 2027 இல் 0.3 வீதமாகக் குறைக்கப் போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. அந்த முடிவைப் பற்றி நாங்கள் மட்டக்களப்பில் இருந்து எழுதினால் அங்கே யாருக்கும் கட்டாயம் இல்லை. ஹரோவில் வாக்கு உள்ள சித்தப்பா தன் விலாசத்தைப் போட்டு எழுதினால் அவருடைய உறுப்பினர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். கனடாவில் பாராளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் அனுப்ப முத்திரைகூட ஒட்டத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பேசும்போது கோயில் திருவிழாக் காசைப் பற்றிப் பேசுகிறோம் தானே, அப்புறம் இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ரீசேட் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது

இந்தப் பிழையைச் சொல்லும்போது மனம் கனக்கும். தொழுநோய் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 1995 இல் தேசிய மட்டத்தில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற அளவுக்குக் குறைந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. மட்டக்களப்பும் அம்பாறையும் கூடுதலாகப் பாதிக்கப்படும் மாவட்டங்களுக்குள் வருகின்றன. வாவிக்கு நடுவில் தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்த மாந்தீவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நோயின் பெயரோடு ஒரு படகும் நினைவுக்கு வரும். ஏற்றிக்கொண்டு போவார்கள், வந்து பார்க்க ஆள் குறையும்.

அப்படிப்பட்ட ஊரில், நோயின் பெயர் எழுதிய ரீசேட்டோடு ஆறு பேர் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் என்ன நடக்கும்? அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பேசி வைத்த கலியாணம் நின்றுபோகும். ஒரு குழு அப்படிப் போன பிறகு ஒரு குடும்பம் சிகிச்சைக்குப் போவதையே நிறுத்தியதை நான் அறிவேன். வீட்டுக்குப் போக வேண்டியவர் பொதுச் சுகாதார பரிசோதகர், அதற்கான பயிற்சி அவருக்கு இருக்கிறது. எங்கள் வேலை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது: உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமல் இருந்தால் காட்டுங்கள், மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம் குடித்தால் சுகம், மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குத் தொற்றாது. காசநோய்க்கும் இதே முறைதான். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை என்று சந்தையில் எல்லாருக்கும் சொல்லுங்கள், ஒருவரைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேர்தல் காலத்தில் எந்தக் கட்சியின் மேடையிலும் ஏறாதீர்கள். கோயில் பரிபாலன சபைக்குப் போன அதே கிழமை பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைக்கும் தேவாலயத்துக்கும் போங்கள், காத்தான்குடியையும் சம்மாந்துறையையும் கடைசிக்கு விடாதீர்கள். பெரும்போக அறுவடை நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று கோபிக்காதீர்கள். யார் என்ன சொன்னார், எப்போது திரும்பப் பேச வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கொப்பி இல்லாத குழு இரண்டு வருடம் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

மைக்கை யாரிடம் கொடுக்கிறோம்

கூட்டம் என்றால் கொழும்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம் பேச விடுவது எங்கள் பழக்கமாக இருந்தது. அதை மாற்றியது ஒருவருடைய கதை. முதலில் சொன்னேனே, 1977 இல் கடைசியாகப் பெரியம்மை வந்தவர், அவருடைய பெயர் அலி மாவ் மாலின். மெர்கா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்தவர். ஊசி நோகும் என்ற பயத்தில் தடுப்பூசியைத் தவிர்த்திருந்தார். பிழைத்து எழுந்தவர், பின்னாளில் போலியோ ஒழிப்பில் தொண்டராகச் சேர்ந்து, தயங்கிய தாய்மாரிடம் தன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சொட்டு மருந்து கொடுக்க வைத்தார். 2013 இல் அந்த வேலையில் இருந்தபோதே மலேரியாவில் இறந்தார்.

இவரைப் பற்றி அறிந்த பிறகு நாங்கள் பதாகைக்கு முன்னால் நின்ற அந்த அம்மாவைத் தேடிப் போனோம். 1969 காய்ச்சல் காலத்தில் அவருக்கு இருபது வயது. "எனக்கென்ன மனே பேசத் தெரியும்" என்றார். ஒரு உறுப்பினரின் செயலாளர் வந்திருந்த கூட்டத்தில் கடைசியாக அவரிடம் மைக்கைக் கொடுத்தோம். வீட்டில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் குலைப்பன் காய்ச்சலில் கிடந்ததையும், வயல் முற்றி விழுந்ததையும், வெட்ட ஆள் இல்லாமல் அந்த வருடம் கடன்பட்டதையும் மூன்று நிமிடம் சொன்னார். அதுவரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, எங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மா கூப்பிடாமலே நேரத்தோடு வந்து, முன்வரிசையில் இருந்தார்.