கச்சான் வேரில் வட்டப்புழு: தாங்கும் செடியை நான் பிரித்தெடுத்த விதம்

குச்சவெளிப் பக்கம் எங்கள் மணல் காணியில் கச்சான் திட்டுத் திட்டாக மஞ்சளித்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர்முடிச்சு வட்டப்புழு, அதாவது வேருக்குள் புகுந்து அதை முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் நுண்புழு. நைதரசன் பிடிக்கும் முண்டுகளை இதோடு குழப்பக் கூடாது. அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகம் பட்டாலே கழன்று விழும், நசித்தால் உள்ளே இளஞ்சிவப்பு. புழு முடிச்சென்றால் வேரே வீங்கியிருக்கும்.

புழுவைத் தாங்கும் விதை வேண்டுமென்றால், பச்சையாய் நின்ற செடிகளின் விதையை எடுத்தால் போதும் என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புழு மண்ணில் சமமாகப் பரவுவதில்லை. அந்தச் செடி புழு இல்லாத இடத்தில் நின்றிருக்கலாம்.

அதனால் ஒவ்வொரு செடியின் விதையிலும் பாதியை ஒதுக்கிவிட்டு, மீதியைச் சட்டிகளில் போட்டேன். கொதிநீர் ஊற்றி ஆறவிட்ட மண்ணில், முடிச்சு விழுந்த வேரைப் பொடியாக வெட்டி ஒரே அளவில் கலந்தேன். அந்த வேர் கச்சானுடையதாகவே இருக்க வேண்டும். தக்காளியைத் தாக்கும் இன்காக்னிட்டா என்ற வட்டப்புழு இனம் பொதுவாகக் கச்சானில் பெருகாது. அதைப் போட்டால் எல்லாச் செடியும் தப்பிவிடும். மஞ்சளித்த செடியின் விதையையும் கூடவே நட்டேன். அதில் முடிச்சு விழாவிட்டால் அந்தத் தொகுதியே செல்லாது.

எட்டுக் கிழமைக்குப் பிறகு வேரைக் கழுவி, கேக்குக்குப் போடும் சிவப்புச் சாய நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டேன். புழுவின் முட்டைப் பொதிகள் பளிச்சென்று சிவந்து நின்றன. முடிச்சை விட இந்த முட்டைக் கணக்கையே நம்புகிறேன், அடுத்த போகத்தைக் கெடுப்பது அதுதான். வயலில் பச்சையாய் நின்றவற்றில் பெரும்பாலானவை வேர் நிறையச் சிவப்போடு வந்தன.

அமெரிக்காவில் 2008இல் வெளியான டிஃப்கார்ட் என்ற கச்சான் ரகத்துக்கு இந்தப் புழுவை எதிர்க்கும் சக்தி காட்டுக் கச்சானிலிருந்து வந்தது. நம்மூர் விதையில் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. குறைவாகச் சிவந்தவற்றின் ஒதுக்கிய விதை இப்போது மறுபடி சட்டியில் முளைத்திருக்கிறது.