பாத்திரம் கழுவுறதும் ஊழியம்தான், இப்படி ஆரம்பிச்சுப் பாருங்க

ஊழியம்னாலே பிரசங்கம், பாட்டு, ஜெபக்கூட்டம்னு மட்டும் நினைச்சுட்டு வீட்டு வேலை, ஆபீஸ் வேலையெல்லாம் கடமைக்கு முடிச்சிடுறோம். ஆனா பைபிள்ல கொலோசெயர் 3:23ல எதைச் செஞ்சாலும் கர்த்தருக்குன்னே மனப்பூர்வமா செய்யுங்கன்னு இருக்கே, அது பிரசங்கியாருக்குச் சொன்னது இல்லைங்க, முந்தின வசனத்தைப் பாருங்க, வேலைக்காரங்களுக்கு, அதுவும் அந்தக் காலத்து அடிமைகளுக்கு.

நான் செய்றது இதான். சுத்தமா பிடிக்காத ஒரு வேலையை எடுத்துக்குவேன், இப்போதைக்கு பாத்திரம். குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நின்னு "ஆண்டவரே, இது உமக்குத்தான்"னு வாய்விட்டே சொல்லிடுவேன், அப்புறம் யாரும் பார்க்காத அந்த அடிப்பக்கக் கரியையும் தேய்ச்சுத்தான் கவுத்து வைப்பேன். நடுவுல எரிச்சல் வந்தா (வரும்!) அதையே இன்னொரு தடவை சொல்லுங்க, போதும், குற்ற உணர்ச்சியெல்லாம் வேண்டாம்.

17ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல கார்மேல் சபைத் துறவிகளோட ஒரு மடத்துல இருந்த சகோதரர் லாரன்ஸுக்கும் சமையல்கட்டு வேலை இயல்பா பிடிக்காதுதான், ஆனா அந்தச் சத்தத்துக்கு நடுவுலயே தேவனோட பேசப் பழகிக்கிட்டு வருஷக்கணக்கா செஞ்சார். நாளைக்கு உங்க வேலை எதுன்னு இப்பவே ஒண்ணு முடிவு பண்ணி வச்சுக்கோங்க.