டிப்பர் போனால் எத்தனை ரிக்டர்?

உப்புவெளியில் எங்கள் வாசலால் மணல் டிப்பர் போனால் அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். ரியூசனுக்கு வரும் பிள்ளை ஒருத்தி, "சேர், இது எத்தனை ரிக்டர்?" என்று கேட்டாள். ரிக்டரால் இதைச் சொல்ல ஏலாது. செய்தியில் வரும் அந்த எண் நிலநடுக்கம் பிறந்த இடத்தின் கணக்கு, ஒரு நடுக்கத்துக்கு ஒன்றுதான். 2004 மார்கழியில் சுமாத்திராவில் 9.1. எங்கள் வீட்டில் ஒரு கோப்பையும் ஆடவில்லை, கடல்தான் வந்தது. காலடி எவ்வளவு ஆடியது என்பதை ஆர்முடுகலாக, அதாவது வேகம் மாறும் வீதமாக, அளக்க வேண்டும்.

பழைய ஸ்மார்ட்போன் போதும். ஃபைபாக்ஸ் என்ற இலவசச் செயலியில், புவியீர்ப்பைக் கழித்த ஆர்முடுகலைத் தெரிவு செய்யுங்கள். போனின் உறையைக் கழற்றி, கீழ்த்தளத்துச் சீமெந்துத் தரையில் இருபக்கமும் ஒட்டும் டேப்பால் அழுத்தி ஒட்டுங்கள். மேசையில் வைத்தால் மேசையின் ஆட்டம்தான் பதியும், மேல்மாடியில் கட்டடத்தின் ஆட்டம். நான் முதல் இரவு கட்டிலில் வைத்துவிட்டு, மனைவி புரண்டு படுத்ததையெல்லாம் பதிந்து வைத்திருந்தேன்!

முதலில் ஒன்றும் அசையாதபோது ஒரு நிமிடம் பதியுங்கள். அப்போதும் கோடு நடுங்கும், அது போனின் சொந்த இரைச்சல். அதைத் தாண்டுவதுதான் கணக்கு. கிடைத்திசை இரண்டில் பெரிய உச்சத்தை எடுத்து 9.8ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்; வருவது புவியீர்ப்பின் சதவீதம். ஓரிடத்தின் ஆட்டத்தைப் படிகளாகச் சொல்வது மெர்காலி அளவு. ஏறத்தாழ 1.4 சதவீதத்தில் அதன் 4ஆம் படி தொடங்கும், 4 சதவீதத்தில் 5ஆம் படி, 9இல் 6, 18இல் 7. மொத்தம் 12 படிகள்.

நடுக்கம் சொல்லிவிட்டு வராது. பெரியதொன்று வந்தால் மேசைக்கடியில் போங்கள், போனைத் தேடாதீர்கள். ஓய்ந்த பிறகு ஒட்டிவைத்தால் பின்னதிர்வுகள் அகப்படலாம்.

சின்ன நடுக்கத்துக்குப் போனைவிடக் கொப்பியும் பேனாவும் நல்லது. உடனே நேரத்தை எழுதுங்கள். தொங்கும் விளக்கு ஆடி, லொறி போனது போலிருந்தால் மெர்காலி 3. கோப்பைகளும் யன்னல்களும் கலகலத்தால் 4. உறங்கியவர்கள் பெரும்பாலும் விழித்து, நிற்க வைத்த சாமான் சில விழுந்தால் 5. அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் இணையப் படிவமும் இதையேதான் கேட்கும்.

சரி, எங்கள் டிப்பர்? உச்சம் 0.05, அதாவது அரை சதவீதம். கிணுகிணுத்தது அலுமாரியின் தளர்ந்த கதவு. கடதாசி மடித்துச் செருகியாயிற்று.