கண்மாய்க் கரையில் மின்மினி கணக்கெடுப்பு

வடகிழக்குப் பருவமழை நனைத்த கரையில், மின்மினிகளை எண்ண நிலவில்லாத, காற்றடங்கிய இரவே ஏற்றது. ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டைக் கண்மாய் பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி பெற்று, நிற்கும் இடங்களைப் பகலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். சேறும் சீமைக்கருவேல முள்ளும் இருளில் தெரியா. டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டி, கண் இருளுக்குப் பழகும்வரை கால் மணி நேரமாவது காத்திருந்து, ஒவ்வோரிடத்திலும் 5 நிமிடம் எண்ணுங்கள். பறப்பவற்றை இருமுறை எண்ணிவிடுவது எளிதென்பதால், ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட மிகுதியான எண்ணிக்கையையே நான் எழுதுகிறேன். மினுக்கங்களின் இடைவெளியோடு வெப்பநிலையையும் குறிக்க வேண்டும்; குளிரில் மினுக்கம் மெதுவாகும். ஒன்றைக் கண்ணாடிக் குப்பியிலிட்டு அடிவயிற்றைப் பாருங்கள்: பல இனங்களில் ஆணுக்கு ஒளிரும் கண்டங்கள் (உடல் வளையங்கள்) இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. தரையில் ஊர்ந்தபடி ஒளிர்வது நத்தை தின்னும் மின்மினிப் புழுவாகவோ சிறகற்ற பெண் மின்மினியாகவோ இருக்கலாம். பார்த்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.