பாதியில் நின்ற குடை ஆன்டெனா

2018இல் விண்வெளிக்குச் சென்ற நாசாவின் ரெயின்கியூப் என்ற சிறு செயற்கைக்கோள், குடைபோல விரியும் அரை மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாவைச் சிறு பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தது; தஞ்சாவூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அதைவிடப் பெரிய மாதிரியொன்றைச் செய்தோம். புவியீர்ப்பை ஈடுசெய்ய ஆன்டெனா வலையைத் தாங்கும் ஒவ்வொரு கம்பியையும் கூரையிலிருந்து நூலில் தொங்கவிட்டும், அது பாதி விரிந்து நின்றுவிட்டது. கம்பிகளை விரிக்கும் சுருள்வில்லை மாற்றி மாற்றி ஒரு வாரத்தை வீணாக்கிய பிறகே (என் பிடிவாதம்தான் காரணம்) குற்றம் நூலில் இருப்பது புரிந்தது: நூல் குட்டையாக இருந்தால், கம்பி பக்கவாட்டில் நகர நகர அது சாய்ந்து, ஊசலைப்போலப் பின்னுக்கு இழுக்கிறது. நூல் நீள நீள அந்த இழுப்பு குறையும் என்பதால், அறுவடைக்கு முன் காலியாகக் கிடந்த உயரமான நெல் கிடங்கொன்றை இரவல் கேட்டு, 2 மீட்டர் நூலை 6 மீட்டராக்கினோம். பின்னிழுப்பு மூன்றிலொரு பங்கானது. காற்று வலையை அசைக்காதிருக்கக் கதவுகளைச் சாத்திச் சோதித்தபோது, கம்பிகள் அனைத்தும் முழுதாக விரிந்து பூட்டிக்கொண்டன.