இணைய ஏலத்தில் பழைய வாட்ச்: டயலையும் மெஷினையும் படிக்கும் முறை

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கும் எவரும் எடையும் தரமும் பாராமல் பணத்தை எடுத்து நீட்டுவதில்லை. இணைய ஏலத்தில் பழைய ரோலெக்ஸோ ஒமேகாவோ கேட்கும் சேலத்துக்காரருக்குத் தொட்டுப் பார்க்கும் வசதி இல்லை என்பதால், விற்பவரின் வர்ணனையை ஒதுக்கிவிட்டுப் படங்களையே சாட்சியாகக் கொள்ள வேண்டும்.

முதலில் டயல். நம் நாட்டில் அடிக்கடி எதிர்ப்படுவது முழுப் போலி அன்று. உண்மையான மெஷின்மீது புதிதாக வண்ணம் பூசி எழுத்தச்சிட்ட டயலைப் பொருத்திய வாட்ச். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கையில் எழுத்துகளின் ஓரம் கசிந்திருந்தாலோ, அவற்றின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறினாலோ, நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேராகச் சேராவிட்டாலோ மறுபூச்சு என்று சந்தேகிக்கலாம். ஆறாம் மணிக்குக் கீழுள்ள பொடி எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. ரோலெக்ஸ் டயல்களில் ஒளிர்பூச்சாக 1960களின் தொடக்கம் வரை ரேடியமும், பிறகு ஏறத்தாழ 1998 வரை டிரிட்டியமும் பயன்பட்டன; இரண்டும் கதிரியக்கப் பொருள்கள். டிரிட்டியம் டயல்களில் 'சுவிஸ்' என்பதை ஒட்டி 'டி' என்னும் ஆங்கில எழுத்து பெரும்பாலும் இருக்கும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு, அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 12.3 ஆண்டுகளே ஆகையால், 1970களின் வாட்ச் இன்றும் இருட்டில் பளிச்சென்று ஒளிர்கிறது என்று விற்பவர் பெருமையோடு படம் போட்டால், பூச்சோ டயலோ பிற்காலத்தது என்று கொள்க. முள்ளின் பூச்சு ஒரு நிறமும் மணிக்குறியின் பூச்சு வேறு நிறமுமாக இருந்தாலும் காரணம் கேட்க வேண்டும்.

பின்மூடியைத் திறந்து எடுத்த மெஷின் படம் இல்லாத ஏலத்தில் நான் பங்கெடுப்பதில்லை. படம் கிடைத்தால், அந்த மெஷின் அந்த மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். பழைய ஒமேகாவில் தொடர் எண் பொதுவாக மெஷின்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். 1960, 70களின் ரோலெக்ஸில் பட்டையைக் கழற்றினால், ஆறாம் மணிப் பக்கத்தில் பட்டை மாட்டும் இரு முனைகளுக்கு நடுவே தெரியும். எண் காட்டும் ஆண்டும் விற்பவர் சொல்லும் ஆண்டும் வெகுவாக விலகினால், பல வாட்சுகளின் உதிரிகளைக் கோத்துக் கட்டியதாக இருக்கலாம். 18 காரட் சுவிஸ் தங்கக் கேஸுக்கு (வாட்சின் வெளிக்கூட்டுக்கு) உரிய பெண் தலைத் தர முத்திரை 1995இல் நாய்த் தலையாக மாறியது. 1960களின் வாட்ச் என்று சொல்லப்படுவதில் நாய்த் தலை இருந்தால் விலகிவிடுங்கள்.

கதைகளுக்கு விலை கொடுக்காதீர்கள். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துத் துரை கட்டியது, பங்களாவில் அரை நூற்றாண்டாகக் கிடந்தது என்று ஒருவர் எழுதினால், அந்த மலையின் பனியும் ஈரமும் டயலில் ஒரு புள்ளிகூட வைக்காமல் போனது எப்படி என்று கேளுங்கள்.

திருப்பி அனுப்பும் உரிமை எழுத்தில் இருந்தால் மட்டும் ஏலம் கேளுங்கள். பொட்டலம் பிரிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்து, கெடு முடியுமுன் சாவி வாட்சுகளில் பழகிய பழுதுகாரரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ரேடியம் டயல் என்ற ஐயம் இருந்தால் அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்; உதிரும் பூச்சுத் தூள் மூச்சோடு உள்ளே போனால் உடலுக்குக் கேடு.