கட்டடத்தைக் கூரையில் அல்ல, அடியில் வரையுங்கள்

வடிவியல் திருத்தம் செய்யப்பட்ட வான் ஒளிப்படத்தை வைத்துக் கொழும்பின் எண்ணிம வரைபடத்தை வரைவோர், அத்திருத்தம் பெரும்பாலும் தரையின் மேடுபள்ளங்களுக்கு மட்டுமே செய்யப்படுகிறது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். கோட்டையிலுள்ள உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் போன்ற உயர்ந்த கட்டடங்கள், மூலப்படத்தின் நடுப்புள்ளியிலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்தே தெரியும். கூரை விளிம்பை அப்படியே பின்பற்றிக் கோடிழுத்தால் கட்டடம் பல மீற்றர் விலகி, சில வேளைகளில் வீதியின் மேலேயே வந்து நின்றுவிடும். ஆகவே கூரையின் வடிவத்தை வரைந்த பின், அதனை உருமாறாமல் நகர்த்தி, சுவர் தரையைத் தொடும் மூலையில் பொருத்துங்கள்.

தொடங்குமுன், படம் எந்த ஆள்கூற்று முறைமையில் (இடங்களை எண்களாற் குறிக்கும் முறையில்) உள்ளது என்பதையும் பாருங்கள். இலங்கையின் 1999 ஆம் ஆண்டு முறைமையில் கொழும்பின் கிழக்கு ஆள்கூறு (கிழக்குத் திசையில் அளக்கும் தூரம்) 400,000 மீற்றரை அண்மித்திருக்கும்; பழைய முறைமையில் அது 100,000 மீற்றரை அண்மித்திருக்கும்.